காஸ் தீர்ந்த பிறகு குழாயில் மிஞ்சுவது

கொங்கு நாட்டில் காஸ் குழாய் என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 2013-ல் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியாகக் கெயில் நிறுவனம் குழாய் பதிக்கக் கிளம்பியபோது ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றார்கள். சாலையோரமாகக் கொண்டு போகட்டும் என்றது மாநில அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் கெயில் பக்கமே முடிந்தது. வெட்டுப்படும் தென்னை, இறங்கிவிடும் நிலத்தின் விலை, வெடித்தால் என்ன கதி என்று எங்கள் பக்கத்தில் டீக்கடை தோறும் பேச்சு. அந்தக் குழாயில் வரப்போகும் காஸ் எந்தக் கடலில் கிளம்புகிறது, அங்கே எதை விட்டுவிட்டு வருகிறது என்பது பேச்சில் வரவே இல்லை. நிலம் போகிற நேரத்தில் அடுத்தவன் கடலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது யோசிக்கலாம். கோவையில் வீடுகளுக்குக் குழாய் காஸ் வரத் தொடங்கிவிட்டது. அந்தக் கெயில் திட்டமே கப்பலில் திரவ எரிவாயு வந்திறங்கும் கொச்சி முனையத்தில் தொடங்குவதுதான். அந்த முனையத்துக்கென்று போடப்பட்ட நீண்டகால ஒப்பந்தம் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்கன் கடல் வயலோடு. வந்து சேரும் காஸ் மகா சுத்தம். நீல ஜுவாலை, புகை கிடையாது, பாத்திரத்தில் கரி பிடிக்காது. ஆனால் பூமிக்குள்ளிருந்து கிளம்பும்போது அது இவ்வளவு சுத்தமாக இல்லை. அதில் பாதரசம் உண்டு.

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் சித்தப்பா மகன். பெருந்துறைப் பக்கம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, தாய்லாந்து வளைகுடாவில் காஸ் எடுக்கும் கடல் மேடைகளில் குழாய்களின் சுவர் தடிமனை அளந்துகொண்டிருப்பவன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "காஸ்ல பாதரசம் இருக்குதுங்ணா, நாங்க குழாயைத் திறக்கறப்ப முகமூடி போட்டுக்கிட்டு மீட்டர் வச்சுத்தான் திறப்போம்" என்றான். காஸுக்கும் பாதரசத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்பு இன்னும் முடியவில்லை.

பாதரசம் பாறையில் இருப்பது. எண்ணெயும் வாயுவும் தேங்கியிருக்கும் ஆழத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பாறையிலுள்ள பாதரசம் ஆவியாகி வாயுவோடு கலந்துகொள்கிறது. எல்லா வயலிலும் ஒரே அளவு கிடையாது. சில இடங்களில் இல்லை என்றே சொல்லிவிடலாம். தாய்லாந்து வளைகுடா, இந்தோனேசியாவின் சில வயல்கள், வடக்கு ஜெர்மனி போன்ற இடங்களில் தாராளமாக இருக்கிறது.

எண்ணெய்க் கம்பெனிகள் இதைக் கவனிக்கத் தொடங்கியது மீனுக்காகவும் இல்லை, மனிதனுக்காகவும் இல்லை, அலுமினியத்துக்காக. 1973-ல் அல்ஜீரியாவில் ஸ்கிக்டா என்ற இடத்திலுள்ள திரவ எரிவாயு ஆலையில், வாயுவைக் குளிரவைக்கும் அலுமினியக் கருவி ஒன்று பிளந்துகொண்டது. தேடிப் பார்த்தால் உள்ளே பாதரசம். அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய படலம் எங்காவது விட்டுப்போனால் போதும், பாதரசம் உள்ளே நுழைந்து உலோகத்தை நொறுங்கவைத்துவிடும். 2004 ஜனவரி 1 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா ஆலையில் நடந்த வெடிப்புக்கும் இதுவே காரணம். அதனால் இன்று வாயுவைத் திரவமாக்கும் முன் கந்தகம் ஏற்றிய கரியிலோ உலோக சல்ஃபைடிலோ வடிகட்டி, ஒரு கனமீட்டருக்கு 0.01 மைக்ரோகிராமுக்கும் கீழே பாதரசத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நம் அடுப்புக்கு வரும் காஸைப் பற்றிப் பயப்பட ஒன்றுமே இல்லை.

சரி, அந்த வடிகட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கரையிலுள்ள ஆலையில். கிணற்றுக்கும் ஆலைக்கும் நடுவே கடலடியில் பல பத்து, சில இடங்களில் சில நூறு கிலோமீட்டர் எஃகுக் குழாய். அந்தத் தூரம் முழுக்கப் பாதரசம் கலந்த வாயுதான் ஓடுகிறது, அதுவும் இருபது முப்பது வருஷம்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. எஃகு பாதரசத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குழாயின் உட்சுவரில் இரும்புத் துருவும், வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடால் உண்டாகும் இரும்பு சல்ஃபைடும் படிந்து ஒரு செதிலாக நிற்கின்றன. ஓடிவரும் பாதரசம் அதில் ஒட்டி, கந்தகத்தோடு சேர்ந்து பாதரச சல்ஃபைடாக மாறுகிறது. வேதியியல்படி சித்த வைத்தியர்களின் சாதிலிங்கமும் இதே பொருள்தான். அது சிவப்பு, குழாயில் படிவது பெரும்பாலும் கறுப்பு. புதுக் குழாய் எவ்வளவு பாதரசத்தை விழுங்கும் என்றால், ஆரம்ப காலத்தில் கரையில் வந்து சேரும் வாயுவை அளந்தால் இந்த வயலில் பாதரசமே இல்லையோ என்று நினைக்கத் தோன்றும். சுவர் நிரம்பிய பிறகுதான் மறுமுனையில் உண்மையான அளவு தெரியவரும். தம்பி சொன்னான், வாயு குளிர்கிற இடத்திலும் வளைவுகளிலும் பள்ளங்களிலும் படிவு கூடும், சில குழாய்களில் பாதரசம் சொட்டாகவே தேங்கிக் கிடக்கும் என்று. குழாய்க்குள் 'பிக்' என்ற கருவியை ஓடவிட்டுச் சுரண்டுவார்கள், ரசாயனம் விட்டுக் கழுவுவார்கள். மேலாக இருப்பது வந்துவிடும். எஃகின் நுண்துளைகளில் இறங்கியது அவ்வளவு எளிதில் வராது.

வயல் வற்றிய பிறகு இந்தக் குழாயை என்ன செய்வது? செலவு குறைந்த வழி, கழுவிக் கடல்நீரை நிரப்பி, வாயை அடைத்துக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவது. உலகத்தில் பல குழாய்களுக்கு இதுதான் நடந்திருக்கிறது. துருப்பிடிக்காமலிருக்கக் கட்டியிருக்கும் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் கரைந்து தீர்ந்ததும் எஃகு தன் வேலையைக் காட்டும். கான்கிரீட் உறை விரியும், சுவர் ஓட்டையாகும். பத்திருபது வருஷத்தில் தொடங்கி நூறு வருஷங்களுக்கு மேலும் இழுக்கக்கூடிய வேலை இது. உள்ளேயுள்ள செதில் மெல்ல மெல்லக் கடலடிச் சேற்றில் கலக்கும்.

பாதரச சல்ஃபைடு தண்ணீரில் கரையவே கரையாத சாதி, சேற்றில் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும் என்பது கம்பெனி பக்க வாதம். இதை நான் தள்ளிவிடமாட்டேன், பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள். காற்றில்லாத சேற்றில் சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடக்கூடியவை. எந்த மரபணு இதைச் செய்கிறது என்பதே 2013-ல்தான் பிடிபட்டது. நன்றாகக் கட்டிதட்டிய சல்ஃபைடை இவற்றால் அவ்வளவாகத் தொடமுடியாது. பொடிப்பொடியாக, நானோ அளவில் உதிர்ந்தால் தொடமுடியும். துருப்பிடிக்கும் குழாயிலிருந்து எந்த வடிவில், எந்த வேகத்தில் உதிரும்? 2022-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதுவரை தெரிந்ததையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை என்றுதான் முடித்தார்கள். அதாவது, ஆபத்து இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அளக்காமலே விட்டுவைத்திருக்கிறார்கள்.

மெத்தில் பாதரசம் உயிருக்குள் போனால் எளிதில் வெளியேறாது. நுண்பாசியிலிருந்து சிறு இறாலினம், அதிலிருந்து சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு வாயிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும். தண்ணீரில் இருப்பதைவிட உச்சியிலுள்ள வேட்டை மீனின் தசையில் பத்து லட்சம் மடங்குகூட இருக்கலாம். அது தாக்குவது நரம்பு மண்டலத்தை. மீன்களில் இனப்பெருக்கம் தடுமாறும், எதிரியைக் கண்டு விலகும் வேகம் குறையும். கடற்பறவைகளில் பொரியும் குஞ்சுகள் குறையும். ஓங்கில்களிடம், அதாவது டால்பின்களிடம், ஒரு ஆச்சரியம் உண்டு. அவற்றின் ஈரலில் பாதரசம் செலினியத்தோடு சேர்ந்து கரையாத மணலாக உறைந்துவிடுகிறது. உடம்பே கண்டுபிடித்த குப்பைக்கிடங்கு. ஆனால் அதற்காகச் செலினியத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மினமாட்டாவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஜப்பானில் சிஸ்ஸோ ரசாயன ஆலை விரிகுடாவில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம். பூனைகள் வெறிபிடித்துச் சுழன்று கடலில் விழுந்தன, காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1. ஆலையின் மருத்துவரே 1959-ல் கழிவைப் பூனைக்கு ஊட்டிக் காரணத்தைக் கண்டுகொண்டார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை ஓடியது. கடல்கட்டுமானக் குழாயில் கிடப்பது அந்த வடிவப் பாதரசமும் இல்லை, அந்த அளவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மினமாட்டாவைக் காட்டி எல்லாவற்றுக்கும் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தெரிந்த பிறகும் ஒன்பது வருஷம் என்ற கணக்கு என் மனதை விட்டுப் போவதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. பழனியில் நின்று பார்த்தால் தெரிகிற மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில், 1983-ல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை. 2001-ல் உடைந்த தெர்மாமீட்டர் குவியல் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்ததும்தான் மூடினார்கள். கொடை ஏரி மீனிலும் பாதரசம் பதிவானது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது.

இனி மீன் விஷயம். இதைப் படித்துவிட்டு யாராவது ஞாயிற்றுக்கிழமை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போகாமல் இருந்தால் அது என் தவறாகிவிடும். நம் வஞ்சிரத்தில் பாதரசம் உண்டு என்பது உண்மை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான அட்லாண்டிக் இனத்துக்குத் தரும் சராசரி பத்து லட்சத்தில் 0.73 பங்கு. மத்திக்கு 0.013. நெத்திலியும் ஏறக்குறைய அதே. ஆனால் வஞ்சிரத்தில் இருப்பது காஸ் மேடையிலிருந்து வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உலகம் முழுக்க மனிதன் காற்றில் விடும் பாதரசம் வருஷத்துக்குச் சுமார் 2,200 டன். அதில் முதலிடம் சிறுதங்கச் சுரங்கங்களுக்கு, அடுத்தது நிலக்கரி. மேட்டூர் அனல்மின் நிலையத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் தாய்லாந்து மேடையை நோக்கி மட்டும் விரல் நீட்டுவது நியாயமாகாது. காஸ் குழாயின் ஆபத்து உலகளவிலானது அல்ல, அந்தந்த இடத்துக்கானது. குழாயைச் சுற்றிய சேறு, அதில் மேயும் மீன், அந்த மீனை நம்பிய கரை. எங்கள் வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தபோது வஞ்சிரத்தையும் சுறாவையும் தள்ளிவைத்துவிட்டு மத்தியும் நெத்திலியும் வாங்கினோம். காசும் மிச்சம், குழம்பும் ருசி.

குழாயைக் கடலிலேயே விட்டுவிடலாம் என்பவர்களின் வலுவான வாதம் மீன்தான் என்பது வேடிக்கை. மேடையின் கால்களில் பாசியும் சிப்பியும் பவளமும் பிடித்து, மீன் கூட்டம் குடியேறிவிடுகிறது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் 500-க்கும் மேற்பட்ட பழைய மேடைகளைச் செயற்கைப் பாறைத்திட்டாக மாற்றியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா மேடைகளின் அடியில் மீன் உற்பத்தி இயற்கைப் பாறைத்திட்டுகளைவிட அதிகம் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அதை நான் நம்புகிறேன். ஆனால் மேடையின் கால் வேறு, வாயு ஓடிய குழாய் வேறு. காலுக்குள் பாதரசம் ஓடியதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'மீனுக்கு வீடு' என்று பெயர் எழுதினால், உள்ளே விஷம் படிந்த குழாயும் மீனுக்கு நல்லது என்று ஆகிவிடுகிறது. வீடு என்று நம்பி மீன் நெருங்கி வருவதுதான் பாதரசம் உதிரும் குழாயைச் சுற்றி ஆபத்தைக் கூட்டும்.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்கு உதவியாகத்தான் இருக்கிறது. 1995-ல் வட கடலில் பிரென்ட் ஸ்பார் என்ற பழைய எண்ணெய் மிதவையை ஆழக்கடலில் மூழ்கடிக்கப் பார்த்து, பெரும் கலகமானது. அதைத் தொடர்ந்து 1998-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, பயன்முடிந்த கடல்கட்டுமானங்களைக் கடலில் விடக்கூடாது என்று முடிவெடுத்தன. அந்த முடிவில் குழாய்கள் சேர்க்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மேடைக்குக் கலகம் நடந்தது, தெரியாத குழாய்க்கு நடக்கவில்லை. 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையைப் பாருங்கள். காற்றில் பாதரசம் விடுபவை என்று ஐந்து வகைத் தொழில்களைப் பட்டியலிடுகிறது. நிலக்கரி உண்டு, சிமெண்ட் உண்டு. எண்ணெயும் வாயுவும் இல்லை. 2018-ல் கையொப்பத்தை உறுதிசெய்த நம் நாட்டுக்கும் இதே பட்டியல்தான்.

திருச்செங்கோட்டுக்காரனான எனக்கு இதில் ஒரு விஷயம் நன்றாகப் புரியும். எங்கள் ஊர் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆயிரம் அடிக்கும் கீழே பாறையைத் துளைத்துவிட்டு வருகின்றன. தண்ணீர் வராவிட்டால் கேசிங் பைப்பை உருவி அடுத்த போருக்கு எடுத்துப் போய்விடுவது வழக்கமாக இருந்தது. குழி திறந்தே கிடக்கும். போர் போடுகிறவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி. மூடுவதற்குக் கூலி கிடையாது. அடுத்தடுத்துக் குழந்தைகள் விழுந்து இறந்த பிறகு 2010-ல் உச்ச நீதிமன்றம் கைவிட்ட போரைத் தரைமட்டம் வரை மூடு என்று உத்தரவிட்டது. அதற்கப்புறமும் 2019-ல் மணப்பாறைப் பக்கம் நடந்ததை நாடே டிவியில் பார்த்தது. கடலிலும் துளைக்கக் காசு வரும், மூடக் காசு வராது.

ஆஸ்திரேலியா இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. அங்கே 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்முடிந்த எல்லாவற்றையும் அகற்றச் சொல்கிறது, குழாய் உட்பட. விதிவிலக்குக் கேட்டால் கம்பெனிதான் காரணம் காட்ட வேண்டும். ஆனால் நார்தர்ன் எண்டவர் என்ற மிதக்கும் எண்ணெய்க் கலத்தைப் பழைய முதலாளி ஒரு சின்னக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். அது திவாலானது. சுத்தம் செய்யும் வேலை அரசின் தலையில் விழ, கடைசியில் மொத்த எண்ணெய்த் தொழில் மேலும் பீப்பாய்க்கு 48 சென்ட் என்று வரி போட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஒருவன் ஓடினால் மற்றவர்கள் கட்டட்டும், அப்போதுதான் யாரிடம் கைமாற்றுகிறோம் என்று பார்ப்பார்கள்.

எல்லாக் குழாயையும் தூக்கிவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. தூக்கிய எஃகு பழைய இரும்பாகத்தான் போகும். பாதரசம் படிந்த எஃகை உலையில் போட்டால் அது ஆவியாகி முதலில் போவது உலைக்காரரின் மூக்குக்குள். 2020-ல் இந்தோனேசியாவின் நட்டுனா வயலில் வேலை பார்த்த ஜே.நாட் என்ற சேமிப்புக் கப்பல், பாதரசம் கலந்த கழிவோடு உடைப்புக்குக் கிளம்பி வந்தது. வங்கதேச அரசு உள்ளே விட மறுத்தது. தெற்காசியாவின் கடற்கரைகள்தான் அப்படிப்பட்ட கப்பல்கள் தேடிவரும் இடம். கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கும் என் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கண்டெய்னர்ல வர்ற ஸ்கிராப்புக்குக் கதிரியக்கம் இருக்குதான்னு பாக்கறாங்க, பாதரசத்துக்கு யாருங்க பாக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம் கடலிலும் வயல்களை மூடும் காலம் நெருங்கிவிட்டது. 1974-ல் கண்டுபிடித்து 1976-ல் உற்பத்தி தொடங்கிய மும்பை ஹைக்கு இப்போது ஐம்பது வயது. தப்தி வயலின் மேடைகளை அகற்றியதுதான் இந்த வகையில் இந்தியாவில் நடந்த முதல் வேலை. கம்பெனிகள் இதற்கென்று பணம் ஒதுக்கிவைக்க 1999 முதல் ஒரு நிதித் திட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரைக்கு எதிரே, காவிரிப் படுகையின் கடல்பகுதியில், பிஒய்-3 என்ற எண்ணெய் வயலில் 2011-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதில் பாதரசம் எவ்வளவு, இருக்கிறதா இல்லையா என்பது அளந்தால்தான் தெரியும். அளப்பது பெரிய வித்தையும் இல்லை. வளைவிலும் பள்ளத்திலும் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, உட்சுவரைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சுற்றிலுமுள்ள சேற்றையும், அங்கே மேயும் மீனையும் சேர்த்து. "ஒரு கப்பலை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கற செலவுகூட ஆகாதுங்ணா" என்கிறான் தம்பி. முடிவைத் தமிழில் எழுதிக் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் மீனவப் பஞ்சாயத்துக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு, அதன்பிறகு விடுவதா எடுப்பதா என்று பேசலாம். இப்போது நடப்பது தலைகீழ். விடலாம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஆய்வைத் தேடுகிறார்கள்.